அப்பாவின் தொட்டிகளுக்கு ஒரு சூரிய மோட்டார்

1

சென்ற வாரம் எங்கள் பால்கனியில் இருந்த சொட்டு நீர் மோட்டார் நின்றுபோயிற்று. பழுது ஒன்றுமில்லை. புரட்டாசி பிறந்தால் ஜெர்மனியின் இந்த பிரேமன் நகரத்தில் வானம் சாம்பல் பூசிக்கொண்டு கூரைவரை இறங்கி வந்துவிடும். மோட்டாரோடு சேர்ந்த சூரியத் தகடு வெயிலைக் கண்டு பல நாளாகிறது. பாட்டரி காலி. நான் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, சமையலறைக் குழாயில் தண்ணீர் பிடித்து வந்து, தொட்டிகளுக்குக் கையாலேயே ஊற்றினேன்.

அதே மாதிரி மோட்டார் ஒன்று அந்த நேரத்தில் மயிலாப்பூரில் ஒரு மொட்டை மாடியில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே அது நின்றதாக அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. வருகிற ஐப்பசியோடு அப்பா போய் ஒரு வருஷம். வருஷாப்திகத்துக்குப் போக லீவு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, காலிச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பால்கனியிலேயே நின்றிருந்தேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தக் கருவி புதிதாக இருக்கலாம். சோப்புப் பெட்டி அளவில் ஒரு பெட்டி. அதற்குள் சின்ன மோட்டாரும் பாட்டரியும். மேலே கைக்குட்டை அகலத்துக்கு ஒரு சூரியத் தகடு. ஒரு குழாயை வாளியிலோ டிரம்மிலோ போட்டுவிட வேண்டும். இன்னொரு குழாய் மெல்லிய கிளைகளாகப் பிரிந்து ஒவ்வொரு தொட்டிக்கும் போகும். நாம் வைத்த நேரத்துக்கு மோட்டார் விழித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஓடி, ஒவ்வொரு செடியின் காலடியிலும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுவிட்டுத் தூங்கிவிடும். கோடை விடுமுறைக்கு வெளியூர் போகும்போது செடி காயாமல் இருக்கட்டும் என்று இங்கே பல வீடுகளில் வைத்திருக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் வாங்கினோம்.

என் பெண் தாரா இந்த மாதம்தான் லைப்சிக் நகரத்துக்குப் படிக்கப் போனாள். தொட்டிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டாள். தமிழில் நான் பேசினால் ஜெர்மனில் பதில் சொல்வாள். நேற்று போனில், "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். அறைத்தோழி பற்றி, குளியலறைப் பூட்டு பற்றி ஏதேதோ சொன்னாள். முடிக்கும்போது சிரித்துக்கொண்டே, "அம்மா, சாப்பிட்டியா என்று இதோடு மூன்றாவது தடவை கேட்கிறாய்" என்றாள்.

அம்மாக்கள் எல்லோரும் கேட்பதுதான். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

2

அப்பா தியாகராய நகரில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் மொட்டை மாடியில் தொட்டிகள் வைக்க ஆரம்பித்தார். செம்பருத்தி, மல்லி, நந்தியாவட்டை, கறிவேப்பிலை, ஒரு மூலையில் பட்டு ரோஜா. காலையும் மாலையும் சிவப்பு பிளாஸ்டிக் சொம்பால் தண்ணீர். ஊற்றுவதற்கு முன்னால் ஆள்காட்டி விரலை மண்ணில் குத்திப் பார்ப்பார். ஈரம் இருந்தால் அந்தத் தொட்டியைத் தாண்டிப் போய்விடுவார்.

அம்மாவின் போன் பேச்சில் அந்தச் சொம்பு அடிக்கடி வரத் தொடங்கியதை நான் முதலில் கவனிக்கவில்லை.

"உங்கப்பா காலம்பறலேர்ந்து மாடிக்கும் ஆத்துக்குமா நடந்துண்டிருக்கார்டீ. இப்பத்தானே ஜலம் விட்டேள்னா, எப்போ விட்டேன்ங்கறார். சத்தியம் பண்ணினாக்கூட நம்ப மாட்டேங்கறார்."

வைத்தியர் நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். மறதி மெதுவாக வளரும், நிற்காது என்றார். அப்பாவுக்கு மறந்துபோனது, தண்ணீர் விட்டோமா என்பதுதான். விட வேண்டும் என்பது மறக்கவில்லை. சென்னை வெயிலில் தொட்டியின் மேல் மண் சீக்கிரமே வெளுத்துவிடும். ஏறிப் போவார், விரலால் தொடுவார், காய்ந்திருக்கும், ஊற்றுவார். இறங்கி வருவார். மறுபடி ஏறுவார்.

மாடிக்கு நேர் கீழே மூன்றாம் மாடியில் பாஸ்கர் இருக்கிறார். அந்தக் குடியிருப்பின் செயலாளரும் அவர்தான். அவருடைய படுக்கையறைக் கூரையில் ஈரம் படர்ந்து சுண்ணாம்பு உதிர ஆரம்பித்தது. மேல்தொட்டித் தண்ணீர் மதியத்துக்குள் தீர்ந்து, லாரித் தண்ணீர் வாங்க வேண்டியதாயிற்று. மாடிக் குழாயின் கைப்பிடியைக் கழற்றிப் பார்த்தார்கள். அப்பா சமையலறையிலிருந்து சொம்பு சொம்பாகப் படியேற்றினார். படியெல்லாம் ஈரம். அதில் அவரே வழுக்கி விழுந்தால் என்ன ஆவது என்று பயந்து கைப்பிடியைத் திரும்ப மாட்டினார்கள்.

கடைசியில் ஒருநாள் பாஸ்கர் மாடிக் கதவைப் பூட்டினார்.

அப்பா கதவைத் தட்டியிருக்கிறார். பிறகு சத்தம் இல்லை. இறங்கி வந்து உட்கார்ந்திருப்பார் என்று அம்மா குக்கரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வெளியே வந்து பார்த்தால் செருப்பு இருக்கிறது, ஆள் இல்லை. தெருவில் இல்லை. மந்தைவெளிப் பக்கம் இல்லை. பாஸ்கர்தான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சந்தாகத் தேடியிருக்கிறார். கடைசியில் தெப்பக்குளத்தின் கம்பி வேலிக்கு வெளியே, கொதிக்கும் சிமெண்டில் வெறுங்காலோடு நின்றுகொண்டு, பூ வாங்க வந்தவர்களிடம், "இந்தக் கதவு எப்போ தெறப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். கையில் அந்தச் சிவப்புச் சொம்பு.

பாஸ்கர் அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டுவிட்டு, முதல் வேலையாகப் பூட்டை எடுத்துவிட்டார். அன்று எனக்கு அவர் அனுப்பிய குரல் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது.

"அக்கா, நான் பண்ணது தப்புதான். மாமா உள்ளங்காலெல்லாம் கொப்புளமாயிடுச்சு. ஆனா எங்க வீட்டுக் கூரையும் உண்மை. எங்க பையன் படுக்கிற கட்டில் மேலயே காரை விழுது. நீங்க ஒரு தடவை வந்துட்டுப் போங்க. என்னால தனியா ஒரு முடிவு எடுக்க முடியல."

அப்பா அம்மாவை இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாதா என்று ஊரில் பலர் கேட்பார்கள். வயதான பெற்றோரை நிரந்தரமாக வரவழைத்துக்கொள்ள இந்த நாட்டில் சாதாரணமாக வழி கிடையாது. சுற்றுலா விசாவுக்கு முன்பு ஒரு முறை முயன்றோம். ஊரில் இவர்களுக்கு என்ன பிடிப்பு இருக்கிறது, திரும்பிப் போவார்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருந்தார்கள். அதை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டியபோது, "மாடியில தொட்டி இருக்குன்னு எழுதேன்" என்றாள். அப்போது சிரித்தோம். அவளுக்குத்தான் சரியாகத் தெரிந்திருந்தது. அப்பாவை அந்தத் தொட்டிகளிடமிருந்து பிரித்தால், பிரித்த இடத்தில் எந்த அப்பா மிஞ்சுவார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

முரளி, என் கணவர்தான், பால்கனியில் இருந்த மோட்டாரைக் காட்டி, "இதுல ஒண்ணு வாங்கிண்டு போயேன்" என்றார்.

3

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். சுருட்டி வைத்திருந்த குழாயையும் தகட்டையும் எடுத்துப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"மாடியில செடிக்குத் தண்ணி விடற மெஷின் சார்."

"ஏன், ஊத்துறதுக்கு வீட்டுல ஆள் இல்லையா?"

"ஆள் இருக்கார் சார். அதான் பிரச்சினை."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். குழாயைப் பழையபடி சுருட்டி வைத்துப் பெட்டியை மூடிவிட்டார்.

பங்குனித் திருவிழாவுக்காக மாட வீதிகளில் பந்தல் போட்டிருந்தார்கள். ஆட்டோ உள்ளே போகவில்லை. பெட்டியை உருட்டிக்கொண்டு வீடு வந்தேன். அப்பா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால் கொப்புளங்கள் ஆறித் தோல் உரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா வா. எப்போ வந்தே? குழந்தை வரலையா?"

எனக்கு உயிர் வந்தது. அம்மா கொடுத்த பயமெல்லாம் வீண் என்று நினைத்தேன். காப்பி குடித்து முடிப்பதற்குள் அவர் அம்மாவைக் கூப்பிட்டு, "இவாளுக்குக் காப்பி குடுத்தியோ?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சொம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பின்னாலேயே போனேன். படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மாடியில் வெயில் கண்ணைக் குத்தியது. தொட்டிகளைச் சுற்றித் தரை முழுக்கப் பாசி. செம்பருத்தி இலைகள் மஞ்சளாகியிருந்தன. மல்லியைத் தொட்டால் வேர் ஆடியது. எல்லாம் தண்ணீர் மிஞ்சிச் செத்துக்கொண்டிருந்தன. அப்பா ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து, விரலால் தொட்டு, காய்ந்திருக்கிறதே என்று வருத்தத்தோடு முணுமுணுத்து, ஊற்றினார். செடியின் இலை மஞ்சளாவதையும் அவர் வாட்டம் என்றே எடுத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

அன்று மாலை பாஸ்கர் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்க் கூரையைக் காட்டினார். அவர் மனைவி கட்டிலை மறுசுவருக்குத் தள்ளிப் போட்டிருந்தாள். காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது.

"மழை வர்றதுக்குள்ள மேல தளம் பூச ஏற்பாடு பண்ணிட்டேன்கா. ஆனா தினம் இவ்வளவு தண்ணி நின்னா எந்தப் பூச்சும் தாங்காதுன்னு மேஸ்திரி சொல்றார். நீங்க இருக்கும்போதே ஏதாவது வழி பண்ணிடுங்க. இல்லேன்னா தொட்டிய எல்லாம் கீழ இறக்கிட்டு, மறுபடியும் பூட்டுதான். மாமாவ அன்னிக்கு மாதிரி இன்னொரு தடவை தேட என்னால ஆகாது."

 அவரோடு சண்டை போட வேண்டும் என்று விமானத்தில் யோசித்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றைக்கூட நான் சொல்லவில்லை.

4

தகட்டை மாட்ட சைதாப்பேட்டையிலிருந்து தாஸ் என்ற எலெக்ட்ரீஷியன் வந்தார். பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மேடம், இத்தினியூண்டு பொட்டி அத்தினி செடிக்கும் தண்ணி ஊத்துமா?"

"ஊத்தும்."

"ஜெர்மன்காரன் செஞ்சது. ஊத்துனாலும் ஊத்துவான்."

நீல டிரம் ஒன்று வாங்கி வந்து வைத்தோம். தொட்டிகளுக்கு அடியில் செங்கல் கொடுத்துத் தரையிலிருந்து தூக்கினோம். மெல்லிய குழாய்களை வெட்டி, ஒவ்வொரு செடியடியிலும் ஒரு சொட்டுக் குச்சி நட்டோம். அப்பா நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் தாஸ் பக்கத்தில் வந்து, "நீ யாருப்பா?" என்பார். தாஸ் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை போலவே நிமிர்ந்து, "நான்தான் நைனா, தாசு. கரண்டு வேல பாக்க வந்துகீறேன்" என்பார். ஒரு தடவைகூட என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டவில்லை.

மோட்டார் முனகியது. குழாயில் காற்றுக் குமிழிகள் ஓடின. கறிவேப்பிலைச் செடியடியில் முதல் சொட்டு விழுந்தது. நானும் தாஸும் கை தட்டினோம்.

மறுநாள் மாலை மோட்டார் ஓடவில்லை. தாஸைப் போனில் கூப்பிட்டு, "கபுட் ஆயிடுத்து" என்றேன். இத்தனை வருஷத்தில் என் நாக்கில் ஒட்டிக்கொண்ட ஜெர்மன் வார்த்தை அது. கெட்டுப்போனதையெல்லாம் அப்படித்தான் சொல்லுவோம். சொன்ன பிறகுதான் மொழி மாறிவிட்டது தெரிந்தது. தாஸ் வந்து மேல்தொட்டியை அண்ணாந்து பார்த்தார், தகட்டைப் பார்த்தார், தலையைச் சொறிந்துகொண்டார்.

"டேங்க் நெழலு மேல வுழுந்துகினு கீது மேடம். காத்துக்கு ஆடாம இருக்கட்டும்னு அங்க மாட்டிட்டேன். மத்தியானத்துக்கு மேல வெயிலே படல. அதான் கபுட்டு."

நான் மட்டும் என்ன செய்தேன்? பக்கத்தில் நின்று பாராட்டியவள் நான்தான். இருவரும் சிரித்துக்கொண்டே தகட்டைத் தெற்குக் கைப்பிடிச் சுவருக்கு மாற்றினோம். அந்தச் சிரிப்போடு கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் போய்ப் பார்த்தால் குழாய்கள் பிடுங்கிப் போடப்பட்டிருந்தன. தண்ணீர் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கடைசிக் குழாயை, முள் எடுப்பதுபோல, இரண்டு விரலால் மெதுவாக உருவிக்கொண்டிருந்தார்.

"அப்பா! என்ன பண்றேள்?"

"ஆஸ்பத்திரியில சொருகறாப்பல எல்லாத்துக்கும் குழாய் சொருகி வெச்சிருக்கா பாரு. பாவம். அதுக்கு வலிக்காதா?"

 பிடுங்கிய குழாய்களை எடுத்துச் சுருட்டி வைத்தேன். அவர் சொம்பை எடுத்து ஊற்ற ஆரம்பித்தார். நான் தடுக்கவில்லை. நான் கிளம்பும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கீழே வந்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"விட்டுடு. தொட்டியெல்லாம் இறக்கிடலாம். அவரை நான் பாத்துக்கறேன்."

"எப்படிம்மா பாத்துப்பே? கதவைப் பூட்டினா தெருவுக்குப் போறாரே."

"ஆத்துக் கதவையும் பூட்டிக்கறேன்."

அம்மா இதை அழாமல் சொன்னாள். கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தவுமில்லை. ஒரு வீட்டுக்குள் இரண்டு பேரும் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் நினைத்துப் பார்த்தேன். எனக்குத்தான் அழுகை வந்தது.

5

மறுநாள் காலையில் வேலை எதுவும் செய்யாமல் மாடியில் ஓர் ஓரமாக உட்கார்ந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்ன செய்கிறார் என்பது எனக்குத் தெரியும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் ஒருபோதும் விரலால் தொடாமல் ஊற்றவில்லை. எத்தனை முறை வந்தாலும், ஒவ்வொரு தொட்டிக்கும் முதலில் விரல்தான். காய்ந்திருந்தால் மட்டுமே சொம்பு சாய்ந்தது. டிரம்முக்குப் பக்கத்தில், நிழல் விழும் மூலையில், முந்தின நாள் ஈரம் மிச்சமிருந்த நந்தியாவட்டைத் தொட்டியைத் தொட்டார். "இருக்கு" என்றார். தாண்டிப் போய்விட்டார்.

அவர் எங்களை நம்பவில்லை, தன் ஞாபகத்தையும் நம்ப முடியவில்லை. மண்ணை நம்பினார். மேல் மண் எந்நேரமும் ஈரமாக இருந்துவிட்டால் அவரிடம் யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

நான் காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு தடவை நிறையத் தண்ணீர் விடும்படி வைத்திருந்தேன். பிரேமனில் அப்படித்தான் வைப்போம். அதை மாற்றி, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை சில மணிக்கு ஒரு தடவை, மிகக் கொஞ்சமாகச் சொட்டும்படி வைத்தேன். மொத்தத்தில் செலவாகும் தண்ணீர் குறைந்தது. லஸ் பக்கம் ஒரு நர்சரியில் தென்னை நார்த்தூள் வாங்கி வந்து, குழாய்களை அதற்கு அடியில் மறைத்துப் புதைத்தேன். மேலிருந்து பார்த்தால் குழாய் எதுவும் தெரியாது. நார்த்தூளுக்குக் கீழே விரல் போனால் சில்லென்று இருக்கும்.

அப்பா ஏறி வந்தார். சொம்பில் தண்ணீர் பிடித்தார். செம்பருத்தியில் விரலை வைத்தார். எடுத்துப் பார்த்தார். விரல் நுனியில் கறுப்பாக ஈர மண் ஒட்டியிருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டார். அடுத்த தொட்டி. அதற்கடுத்தது. ஒன்றிலும் ஊற்றவில்லை. மாடி நடுவில் கொஞ்ச நேரம், எதற்கு வந்தோம் என்று யோசிக்கிறவர் போல நின்றார். அப்புறம் இறங்கிப் போய்விட்டார்.

நான் பின்னால் ஓடினேன். வாசலில் நின்ற அம்மா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொம்பில் தண்ணீர் அப்படியே இருந்தது.

"கொட்டலையா?" என்றாள் அம்மா.

"எல்லாத்துக்கும் விட்டாச்சு போலிருக்கு" என்றார் அப்பா. "யாரோ விட்டிருக்கா. நன்னா விட்டிருக்கா."

அம்மா சொம்பை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். வெகுநேரம் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

இதை ஒரு வெற்றியாக எழுத எனக்குத் தயக்கமாக இருக்கிறது. சில நாட்கள் ஈரத்தைத் தொட்டும் அவர் ஊற்றத்தான் ஊற்றினார். ஓயாத ஈரம் ஒத்துக்கொள்ளாமல் பட்டு ரோஜா அழுகிப்போயிற்று. ஆனாலும் பாஸ்கர் வீட்டுக் கூரைக் கறை பரவுவது நின்றது. தளம் பூசினார்கள். மாடிக்குப் பூட்டு வரவில்லை. அப்பா ஒரு நாளைக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறினார், மண்ணைத் தொட்டார், நிம்மதியாக இறங்கினார். யாரும் அவரை அதட்ட வேண்டியிருக்கவில்லை. நான் பிரேமன் திரும்பி ஒரு வருஷத்துக்கும் மேல் இப்படியே போயிற்று.

அடுத்த பங்குனிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். தாராவுக்குப் பள்ளித் தேர்வு வந்துவிட்டது, போகவில்லை. ஆவணியில் அப்பாவால் படியேற முடியாமல் போயிற்று. ஐப்பசி மழையில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அம்மாவின் போன் வந்ததும் கிடைத்த முதல் விமானத்தில் ஏறினேன். வழியில் ஓரிடத்தில் விமானம் மாற வேண்டும். அங்கே இறங்கிப் போனைத் திறந்தபோது பாஸ்கரிடமிருந்து செய்தி வந்திருந்தது. "அக்கா, மாமா போயிட்டார்" என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. நான் மயிலாப்பூர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சித்தப்பா பையன் கொள்ளி போட்டிருந்தான். கூடத்தில் நாற்காலி காலியாக இருந்தது.

மோட்டாரைக் கழற்றிவிடலாமா என்று அம்மாவைக் கேட்டேன்.

"காரியத்தன்னிக்குக் கூட அது பாட்டுக்கு ஓடித்து. எனக்கு அதைப் பாத்தாக் கோவம் வரது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நிறுத்தவும் மனசு வரலை. இருக்கட்டும்" என்றாள்.

இப்போது தகட்டில் படியும் தூசியை அம்மாதான் ஈரத்துணியால் துடைக்கிறாள். டிரம்மைப் பாஸ்கர் நிரப்புகிறார். மல்லி இந்த வருஷம் நிறையப் பூத்ததாம்.

6

அப்பாவோடு நான் கடைசியாகப் பேசியது மோட்டார் வைத்த அந்தப் பங்குனியில், கிளம்பிய நாளன்று. போனில் அதற்குப் பிறகும் பேசியிருக்கிறேன். ஆனால் போனில் அவருக்கு யார் குரலும் பிடிபடவில்லை. அதனால் நேரில் பேசியதைத்தான் கடைசி என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை யாரிடமும் அதைச் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட.

பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, மோட்டாரை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மாடிக்குப் போனேன். சாயங்கால வெயில். கபாலி கோபுரத்துப் பக்கம் புறாக்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அப்பா சொம்போடு ஏறி வந்தார். நான் ஊருக்குக் கிளம்பப் புடவை மாற்றி, தலை வாரி, தோளில் பை மாட்டியிருந்தேன். அவர் என்னைப் பார்த்து, விருந்தாளியைப் பார்க்கும் மரியாதையோடு நின்றார்.

"நீங்க நம்மாத்துக்கு வந்திருக்கேளா?"

நான் யார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சில சமயம் அவருக்குத் தெரியும். தெரியாமல் போனால் தெரியவில்லையே என்று தவிப்பார். அந்தத் தவிப்பைக் கிளம்பும் நேரத்தில் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"ஆமாம்" என்றேன்.

"வாங்கோ. செடியெல்லாம் பாருங்கோ."

குழாயில் சொம்பை நிரப்பிக்கொண்டு, ஒவ்வொரு தொட்டியாக அழைத்துப் போனார். விரலால் தொட்டுக் காட்டினார். என்னையும் தொடச் சொன்னார். தொட்டேன். டிரம்முக்கு மேலிருந்த பெட்டி அப்போது முனகி ஓட ஆரம்பித்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இதெல்லாம் தானே ஆறது. வெயில் இருந்தாப் போறும். என் பொண்ணு வெச்சுட்டுப் போயிருக்கா."

"அப்படியா?"

"ஜெர்மனியில இருக்கா. அங்கேர்ந்து இதுக்காக வந்தா. அப்பாவோட செடி வாடிடப் போறதேன்னு அவளுக்குக் கவலை."

அவர் பார்வை என் தோளுக்குப் போனது.

"நீங்க எங்கே போறேள்? பை மாட்டிண்டிருக்கேளே."

"நானும் அந்தப் பக்கம்தான் போறேன். இன்னிக்கு பிளேன்."

"ஓ. அப்படின்னா அவளைப் பாத்தேள்னா சொல்லுங்கோ. எல்லாம் நன்னா இருக்கு. அடிச்சுப் பிடிச்சுண்டு ஓடி வர வேண்டாம். அவளுக்கு அங்கே ஆயிரம் வேலை இருக்கும். முடியறப்போ வந்தாப் போறும்."

"சொல்றேன்."

அவர் கடைசித் தொட்டியையும் தொட்டுப் பார்த்தார். கையிலிருந்த சொம்பைப் பார்த்தார். அதை என்ன செய்வது என்று ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"ரொம்ப தூரம் போறேள். ஒரு வாய் ஜலம் குடிச்சுட்டுப் போங்கோ."

மேல்தொட்டித் தண்ணீர். நாள் முழுக்க வெயிலில் கிடந்து சுட்டிருந்தது. துருவும் பிளாஸ்டிக்குமாக வாடை அடித்தது. அவர் பார்த்துக்கொண்டே நிற்க, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன்.